தொழுவத்தில் நான்கு இரவுகள்

ஃபுளோரன்ஸ் நகரிலிருந்து சியனாவுக்குப் போக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஒரு மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும் விரைவுச்சாலை. மற்றொன்று 222ஆம் எண் சாலை. கிரேவே, பன்ஸானோ, கஸ்தெல்லினா என்று ஊர் ஊராக நுழைந்து, மலை ஏறி இறங்கி, திராட்சைக் கொடிகளுக்கும் ஒலிவ மரங்களுக்கும் நடுவே வளைந்து வளைந்து போகும். மொத்தம் எழுபது கிலோமீட்டர்தான். எங்களுக்கு ஒரு முழுப் பகல் ஆனது.

வழிநெடுக ஒரு கருப்புச் சேவலின் படம் கூடவே வரும். திராட்சைத் தோட்டத்து வாசல், புட்டியின் கழுத்து, சாலையோரப் பலகை என்று எங்கு பார்த்தாலும் அதே சேவல்தான். அதற்கு ஒரு கதை சொல்கிறார்கள். ஃபுளோரன்ஸும் சியனாவும் தீராப் பகையில் இருந்த காலத்தில், எல்லையைப் போட்டி வைத்து முடிவு செய்வதென்று ஒப்புக்கொண்டார்களாம். விடியலில் சேவல் கூவியதும் இரு நகரங்களிலிருந்தும் ஒவ்வொரு குதிரை வீரன் புறப்பட வேண்டும். இருவரும் சந்திக்கும் இடம்தான் எல்லை. சியனாக்காரர்கள் ஒரு வெள்ளைச் சேவலுக்கு வயிறு முட்டத் தீனி போட்டு வளர்த்தார்கள். ஃபுளோரன்ஸ்காரர்கள் ஒரு கருப்புச் சேவலைப் பட்டினி போட்டார்கள். பசியில் தூக்கம் வராத கருப்புச் சேவல் இருட்டிலேயே கூவிவிட்டது. ஃபுளோரன்ஸ் வீரன் சியனாவை நெருங்கும்வரை வந்துவிட்டான். கியாந்தி மலைகளில் பெரும்பகுதி ஃபுளோரன்ஸின் கைக்குப் போனது இப்படித்தானாம்.

வரலாற்றில் இது நடந்ததோ இல்லையோ, பசித்தவன்தான் முதலில் எழுந்திருப்பான் என்பது தோட்டத்தில் பிறந்த எனக்குப் புதுச் செய்தி இல்லை. கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில்தான் நான் வளர்ந்தேன். விடிவதற்கு முன்பே பெரட்டுக்குப் போகும் அம்மாவின் காலடி ஓசைதான் எங்கள் வீட்டுச் சேவல்.

எங்களுக்குத் திருமணமாகி இருபத்தைந்து ஆண்டுகள் ஆனதை முன்னிட்டுப் போன பயணம் இது. பன்னிரண்டு நாள், செப்டம்பர் கடைசி. இத்தாலி என்பது என் ஆசை. திராட்சை மது விளையும் மலைகள் என்பது கணவரின் ஆசை. என் மனத்தில் அதற்கு ஒரு தடை இருந்தது. எங்கள் வீட்டில் அப்பாவின் சம்பளத்தில் பாதி தோட்டத்துக் கள்ளுக்கடைக்குப் போனது. மீதிப் பாதியில்தான் அம்மா ஐந்து பிள்ளைகளை வளர்த்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு கெடாத் தோட்டங்களில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை மூடச் சொல்லிப் போராடிய கதையைப் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். கடை மூடினால் சம்சு வந்தது. ஆகவே, குடியை ஒரு கலையாகக் கொண்டாடும் ஊருக்குக் காசு கொடுத்துப் போக எனக்கு மனம் வரவில்லை. “நீ குடிக்க வேண்டாம்மா, மலையைப் பாரு போதும்” என்றார் இவர். சரி என்றேன்.

முதல் மூன்று நாள் ஃபுளோரன்ஸ். பேராலயத்தின் செங்கல் குவிமாடத்தைப் புரூனெலெஸ்கி 1436இல் முடித்தார். கீழிருந்து மரச்சாரம் கட்டித் தாங்காமலே எழுப்பிய குவிமாடம் அது. உள்ளே 463 படிகள், மின்தூக்கி கிடையாது. உச்சியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே சிவப்பு ஓட்டுக் கூரைகளைப் பார்த்தபோது, ஏறியது வீண் போகவில்லை என்று தோன்றியது. நேரத்தை முன்கூட்டியே பதிவு செய்யாமல் போனால் ஏற முடியாது.

உஃபிட்சி கலைக்கூடத்தில் பொத்திச்செல்லியின் ‘வசந்தம்’ ஓவியத்தின் முன் எப்போதும் கூட்டம். அந்தப் படத்தைப் பற்றி நம்மவர்கள் தெரிந்துகொள்ள ஒரு செய்தி உண்டு. போர்க் காலத்தில் கலைக்கூடத்து ஓவியங்களை நாட்டுப்புறக் கோட்டைகளில் ஒளித்து வைத்திருந்தார்கள். இந்த ஓவியம் இருந்தது மொந்தெகுஃபோனி கோட்டையில். 1944 கோடையில் அவ்வழியே முன்னேறிய 8ஆவது இந்தியப் படைப்பிரிவின் வீரர்கள்தான் அந்த ஓவியங்களுக்குக் காவல் நின்றார்கள். அதே கோடையில் பின்வாங்கிய ஜெர்மானியப் படை நகரத்தின் பாலங்களைத் தகர்த்தது. பழைய பாலமான பொந்தே வெக்கியோ ஒன்றுதான் தப்பியது. இந்தச் செய்தி எதுவும் ஓவியத்தின் பக்கத்தில் என் கண்ணில் படவில்லை. இருந்தாலும் எனக்கு அந்தப் படம் அதற்குப் பிறகு வேறு மாதிரி தெரிந்தது.

நான்காம் நாள் காலையில் வாடகைக் கார் எடுத்தோம். கார் ஓட்ட நினைப்பவர்கள் அனைத்துலக ஓட்டுநர் உரிமத்தை இங்கிருந்தே எடுத்துச் செல்லுங்கள். இன்னொன்று, இத்தாலியப் பழைய நகரங்களின் நடுப்பகுதிக்குள் வெளியார் வண்டி நுழையக்கூடாது. எல்லையில் கேமரா இருக்கும், தடுப்புக் கட்டை இருக்காது. அபராதக் கடிதம் மாதக்கணக்கில் கழித்து வீடு தேடி வரும் என்று எங்கள் உறவினர் ஒருவர் அனுபவித்துச் சொல்லியிருந்தார். ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடப்பதுதான் புத்திசாலித்தனம்.

கிரேவேயைத் தாண்டி ஒரு மண்சாலையில் திரும்பி, சைப்ரஸ் மரங்கள் முடியும் இடத்தில் இருந்தது நாங்கள் தங்கிய பண்ணை வீடு. கல் சுவர், மரக் கதவு. எங்கள் அறை கீழ்த்தளத்தில் இருந்தது. கூரை வளைந்து, சுவரோரமாக ஒரு நீண்ட கல் தொட்டி ஓடியது. அதில் துண்டுகளையும் சவர்க்காரத்தையும் அழகாக அடுக்கி வைத்திருந்தார்கள். பார்த்ததும் தெரிந்துவிட்டது, மாட்டுக்குத் தீனி வைக்கும் தொட்டி! எங்கள் படுக்கை மாட்டுத் தொழுவத்தில்.

வீட்டுக்காரப் பாட்டிக்கு எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். ஆங்கிலம் தெரியாது. மாலையில் கல்லூரியிலிருந்து திரும்பும் பேத்திதான் மொழிபெயர்ப்பாளர். “மாடுகளின் சூடு மேலே ஏறும். மேல்மாடியில் நாங்கள் பதினொரு பேர் தூங்குவோம். குளிர்காலத்தில் மாடுதான் எங்களுக்கு அடுப்பு” என்றார் பாட்டி. சொந்த வீடுதானே என்று கேட்டேன். சிரித்துவிட்டு, இல்லை என்று விரலை ஆட்டினார்.

அன்றுதான் ‘மெத்ஸாத்ரியா’ என்ற சொல்லைக் கேட்டேன். பாதி என்று பொருள் தரும் சொல்லிலிருந்து வந்தது. நிலமும் வீடும் முதலாளிக்குச் சொந்தம். உழைப்பு குடியானவக் குடும்பத்துக்குச் சொந்தம். விளைச்சலில் ஆளுக்குப் பாதி. கோதுமை, ஒலிவ எண்ணெய், திராட்சை, கன்றுக்குட்டி எல்லாவற்றிலும் பாதி. நடுக்காலத்தில் தொடங்கி, சென்ற நூற்றாண்டுவரை தஸ்கனியின் மலைகள் இந்தக் கணக்கில்தான் ஓடின. பாதிக்குப் பாதி என்றால் நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால், ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கணக்குப் புத்தகம் உண்டு. விதை, மருந்து, மாடு வாங்கிய கடன் எல்லாம் அதில் ஏறும். ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால் மிஞ்சுவது பெரும்பாலும் கடன்தான். பண்டிகைக்கு முதலாளி வீட்டுக்குக் கொழுத்த சேவலும் முட்டையும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வீட்டில் ஒரு கல்யாணம் என்றாலும் முதலாளியின் காதில் போட்டுச் சம்மதம் வாங்க வேண்டும். முதலாளி நகரத்தில் இருப்பார். மலையில் அவருக்குப் பதிலாக ‘ஃபத்தோரே’ என்ற மேலாளர் இருப்பார்.

“நம்ம பெரிய கிராணி மாதிரி” என்றார் இவர். எனக்கும் அதுதான் தோன்றியது. கடைக்கணக்கு, அட்வான்ஸ், தீபாவளிக்குத் துரை பங்களாவுக்கு எடுத்துப்போன பலகாரத் தட்டு எல்லாம் நினைவுக்கு வந்தன.

மதுவைப் பற்றியும் பாட்டி சொன்னார். நல்ல மது பீப்பாய்க்குப் போகும், பீப்பாய் முதலாளி வீட்டு நிலவறைக்கோ சந்தைக்கோ போகும். பிழிந்தெடுத்த திராட்சைத் தோலில் தண்ணீரை ஊற்றி ஊறவைத்தால் இளஞ்சிவப்பாக ஒரு திரவம் இறங்கும். குடியானவர்கள் குடித்தது அதைத்தான். “எங்கள் அப்பா தன் கையால் ஆக்கிய மதுவைக் கல்யாண நாளிலும் அறுவடை முடிந்த அன்றும்தான் குடித்தார்.” பேத்தி இதை மொழிபெயர்த்துவிட்டு, தானும் இப்போதுதான் கேள்விப்படுவதாகச் சொன்னாள்.

மறுநாள் பக்கத்துத் தோட்டத்தில் அறுவடை. சஞ்சோவேஸே என்ற கருந்திராட்சை. கருப்புச் சேவல் முத்திரை வாங்க வேண்டுமானால் மதுவில் அது குறைந்தது 80 விழுக்காடு இருக்க வேண்டும். இந்த வட்டாரத்தின் எல்லையை 1716இலேயே தஸ்கனியின் கோமகன் மூன்றாம் கொசிமோ ஆணையிட்டு வரையறுத்துவிட்டார். வெட்டும் வேலையைப் பார்ப்பதற்கு எளிது போலத் தெரிகிறது. இடது கையில் குலை, வலது கையில் சிறிய கத்தரி, காலடியில் கூடை. கொடி இடுப்பு உயரத்தில் காய்ப்பதால் நாள் முழுக்கக் குனிந்தபடியே நகர வேண்டும். சரிவு வேறு. என் முதுகு பார்த்தவுடனே வலித்தது. பால்மரம் வெட்டுவதற்கும் உயரம் இறங்க இறங்க இப்படித்தான் குனிய வேண்டும்.

வெட்டிக்கொண்டிருந்தவர்களில் ஓர் இளைஞர் எங்களைப் பார்த்து நிமிர்ந்தார். தலைப்பாகை. “இந்தியா?” என்றார். “மலேசியா” என்றோம். பஞ்சாபியில் ஏதோ கேட்டார், எங்களுக்குப் புரியவில்லை. நாங்கள் பேசிய ஆங்கிலம் அவருக்குப் பாதிதான் புரிந்தது. கடைசியில் ஒரு குலையை நீட்டினார். மதுவுக்கான திராட்சை சிறியது, தோல் தடித்தது, விதை நிறைந்தது, ஆனால் அப்படி ஓர் இனிப்பு. பாட்டியின் தலைமுறை மலையை விட்டுப் போய்விட்டது. அந்த இடத்தில் அல்பேனியாவிலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் ஆள் வருகிறார்கள். நம் செம்பனைத் தோட்டங்களில் இன்று யார் குலை வெட்டுகிறார்கள் என்பதை நினைத்துக்கொண்டேன்.

அன்று மாலை மது சுவைக்கும் இடத்துக்குப் போனோம். இங்கே ஒரு வேடிக்கை. மது அருந்த வேண்டும் என்று ஆசைப்பட்டு வந்தவர் இவர். காரோட்டியும் இவர்தான். இத்தாலியில் இரத்தத்தில் லிட்டருக்கு அரை கிராம் ஆல்கஹாலுக்கு மேல் போனால் குற்றம். எனவே நான்கு கிண்ணங்களிலும் ஒவ்வொரு வாய் எடுத்து, விழுங்காமல், அதற்கென்றே வைத்திருந்த பாத்திரத்தில் துப்பினார். முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நான் முகர்ந்து மட்டும் பார்த்தேன். கள்ளின் புளித்த வாடையை எதிர்பார்த்திருந்தேன். வந்ததோ ஈரமண், செர்ரிப் பழம், கொஞ்சம் தோல்பை வாசம். பரிமாறிய பெண் என்னை வற்புறுத்தவே இல்லை. பாதாம் பிஸ்கட் இரண்டைத் தட்டில் வைத்துத் தந்தார். அவர்கள் அதை ‘வின் சாந்தோ’ என்ற இனிப்பு மதுவில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். நான் காப்பியில் தோய்த்தேன்.

ஒரு புட்டி வாங்கி வந்து இரவு பண்ணை முற்றத்தில் திறந்தார் இவர். ஒன்றரைக் கிண்ணம் குடித்துவிட்டு மூடி வைத்தார். பாட்டியும் ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டார். ரொட்டி, பயறு, கீரை, பேச்சு, இவற்றோடு கூடவே ஒரு கிண்ணம். அப்பா இப்படி ஒரு மேசையில், அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து குடித்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தேன். பதில் தெரியவில்லை. அப்பாவுக்கு மேசை ஏது? வெயிலில் வேலை, கடைக்கு முன்னால் வெறும் தரை, கையில் தகரக் குவளை. அவர்மேல் எனக்கு இருந்த கோபம் குறைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால், அந்தக் கடையைத் தோட்டத்துக்குள்ளேயே வைத்துக்கொடுத்தவர்கள்மேல் கோபப்பட எனக்கு ஐம்பது வயது ஆக வேண்டியிருந்தது.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்பீர்கள். சைவம் சாப்பிடுபவர்கள் தஸ்கனிக்குத் தயங்காமல் போகலாம். ஏழைகளின் சமையல் என்பதால் பயறும் காய்கறியும்தான் அதிகம். முதல் நாள் காய்கறிச் சாற்றில் பழைய ரொட்டியைப் போட்டு மறுநாள் மறுபடி கொதிக்க வைத்தால் அதற்குப் பெயர் ‘ரிபொல்லீத்தா’. நம் சுண்டக்குழம்பின் தத்துவம்தான். ‘பீச்சி’ என்பது கையால் உருட்டிய தடித்த நூடல்ஸ், பூண்டும் தக்காளியும் சேர்த்துத் தருவார்கள். கடலை மாவில் அடுப்பில் சுட்ட ‘செச்சீனா’வைக் கடித்ததும் இவர், “இதுக்கு ஒரு சட்னி இருந்தா!” என்றார். ரொட்டியில் மட்டும் உப்பே போட மாட்டார்கள். அது எனக்குக் கடைசிவரை பழகவில்லை. உணவகத்தில் உட்கார்ந்தாலே தலைக்கு இரண்டு மூன்று யூரோ மேசைக் கட்டணம் சேரும். ஏமாற்றுவதாக நினைக்க வேண்டாம், அது அங்குள்ள வழக்கம்.

சியனாவுக்கு ஒரு நாள் போதாது. சிப்பி போலக் குழிந்து சரியும் கம்போ சதுக்கத்தில் ஜூலை 2, ஆகஸ்ட் 16 ஆகிய நாள்களில் குதிரைப் பந்தயம் நடக்கும். நகரத்தின் 17 பேட்டைகளில் பத்துப் பேட்டைகளின் குதிரைகள் ஓடும். நாங்கள் போனது பந்தயம் முடிந்த காலம், ஆனாலும் தெருவுக்குத் தெரு பேட்டைக் கொடிகள் தெரிந்தன. 1348இல் கொள்ளை நோய் வந்து நகரத்தில் பெரும்பகுதியை வாரிக்கொண்டு போனது. அதற்குமுன் உலகமே வியக்கும்படி பேராலயத்தைப் பெரிதாக்கத் தொடங்கியிருந்தார்கள். முடிக்கப்படாத அந்தச் சுவர் இன்றும் மொட்டையாக நிற்கிறது. முடித்த ஆலயத்தைவிட அந்தச் சுவர்தான் என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது.

நகர மண்டபத்தின் உள்ளே அம்புரோஜியோ லொரென்ஸெத்தி 1338, 1339ஆம் ஆண்டுகளில் வரைந்த சுவரோவியங்கள் உள்ளன. நல்லாட்சி நடந்தால் ஊர் எப்படி இருக்கும், தீய ஆட்சி நடந்தால் எப்படி இருக்கும் என்று எதிரெதிரே காட்டியிருக்கிறார். நல்லாட்சிப் பக்கத்தில் கோட்டை வாசலுக்கு வெளியே மலைகள், கொடிகள், கதிர் அடிக்கும் குடியானவர்கள். நாங்கள் காரில் கடந்து வந்த அதே மலைகள்! குடியானவர்கள் மட்டும் இப்போது அங்கே இல்லை.

சான் ஜிமிஞானோவை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் 72 கோபுரங்கள் இருந்ததாகச் சொல்லப்படும் ஊர், இன்று சுமார் 14 நிற்கின்றன. பணக்காரக் குடும்பங்கள் ஒருவரையொருவர் மிஞ்சக் கட்டியவை. தூரத்திலிருந்து பார்க்க அற்புதம். உள்ளே பகல் நேரத்தில் பேருந்துக் கூட்டமும் காந்தப் பொம்மைக் கடைகளும்தான். விடிகாலையோ மாலை ஆறு மணிக்குப் பிறகோ போங்கள்.

பாட்டியிடம் விடைபெறும் முன், ஊர் எப்போது காலியானது என்று கேட்டேன். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் என்றார். இளைஞர்கள் பிராத்தோவின் நெசவாலைகளுக்கும் ஃபுளோரன்ஸுக்கும் போய்விட்டார்கள். 1964இல் புதிதாகப் பாதிப்பங்கு ஒப்பந்தம் போடக்கூடாது என்று சட்டமே வந்தது. வீடுகள் கூரை விழுந்து கிடந்தன. வெளிநாட்டார் மலிவாக வாங்கினார்கள். பாட்டியின் கணவர் ஆலையில் சம்பாதித்த பணத்தில், தாம் பிறந்த வீட்டைக் கடன் போட்டு வாங்கினார். 1985இல் பண்ணை வீடுகளில் விருந்தினரைத் தங்கவைக்க வழிசெய்யும் சட்டம் வந்தது. தொழுவம் அறையானது. “மாடுகளைவிட நீங்கள் சுத்தம்” என்று பேத்தியின் வழியாகச் சொல்லிவிட்டுப் பாட்டி என் கன்னத்தைத் தட்டினார்.

எங்கள் லயம் இப்போது இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பிறகு ஒரு பாதி வீடமைப்புத் திட்டத்துக்குப் போனது. அங்கிருந்தவர்கள் அடுக்குமாடிகளுக்கும் பட்டணத்துக்கும் சிதறினார்கள். வேலை நின்ற அன்றே வீடும் போனது. பாட்டியின் கணவருக்குக் கிடைத்தது போல வாங்கிக்கொள்ளும் வாய்ப்பு எங்கள் அப்பாக்களுக்கு இருந்ததில்லை.

தெற்கே ரோமாபுரி போகும் வழியில் ஓர்வியேத்தோவில் இரண்டு இரவு தங்கினோம். அங்கே ஒரு கிணறு. 1527இல் ரோம் சூறையாடப்பட்டபோது தப்பி வந்த போப்பாண்டவர் ஏழாம் கிளமெண்ட், முற்றுகை வந்தாலும் தண்ணீர் கிடைக்க வேண்டும் என்று வெட்டச் சொன்னது. ஆழம் ஐம்பது மீட்டருக்கு மேல். இரண்டு சுருள் பாதைகள், ஒவ்வொன்றிலும் 248 படிகள். தண்ணீர் சுமக்கும் கழுதைகள் ஒரு பாதையில் இறங்கி மறு பாதையில் ஏறும், ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாது. நான் இறங்கினேன். முழங்கால் காரணமாக இவர் மேலேயே நின்றார்.

அங்கிருந்து அரை மணி நேரத்தில் சிவிதா தி பாஞ்ஞோரேஜியோ. எத்ருஸ்கர்கள் ஏற்படுத்திய மலையூர். எரிமலைப் பாறையின்மீது ஊர், பாறைக்கு அடியில் களிமண். மழை களிமண்ணை அரிக்க அரிக்க விளிம்பிலிருந்த வீடுகள் பள்ளத்தில் விழுந்துகொண்டே வந்தன. ‘செத்துக்கொண்டிருக்கும் ஊர்’ என்றே அதற்குப் பெயர். உள்ளே போக ஒரு நீண்ட நடைபாலம்தான். நிலையாகக் குடியிருப்பவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். 2013இல் நுழைவுக் கட்டணம் வசூலிக்கத் தொடங்கினார்கள், ஒன்றரை யூரோ. இப்போது ஐந்து யூரோ. கட்டணம் வைத்த பிறகு கூட்டம் குறையவில்லை, கூடியது. நாங்கள் போன அன்று பாலத்தில் தோளோடு தோள் உரசித்தான் நடக்க வேண்டியிருந்தது.

ஊருக்குள் பூந்தொட்டி வைக்காத படிக்கட்டே இல்லை. ஒரு வீட்டின் முன்பக்கச் சுவர் மட்டும் நிற்கிறது. அதன் சன்னல் வழியே பார்த்தால் வீடு இல்லை, வானமும் பள்ளத்தாக்கும்தான். எல்லோரும் அங்கே நின்று படம் எடுத்தார்கள். நாங்களும் எடுத்தோம்.

திரும்பும்போது பாலத்தின் நடுவில் இவர் நின்றார். “உங்க தோட்டத்துல மாரியம்மன் கோயில் இன்னும் இருக்குல்ல?” என்றார். இருக்கிறது. செம்பனைகளுக்கு நடுவே, பங்குனியில் ஒரு நாள் மட்டும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் காரில் வந்து இறங்குவார்கள். திருமணமாகி இருபத்தைந்து ஆண்டுகளில் இவரை நான் அங்கே ஒரு முறைதான் அழைத்துப் போயிருக்கிறேன்.

“லயம் எந்தப் பக்கம் இருந்துச்சு, கடை எந்தப் பக்கம்னு எனக்குக் காட்டு” என்றார்.

“கடை இருந்த இடத்துல இப்போ ஒண்ணும் இல்லைங்க” என்றேன்.

“பரவாயில்ல. இடத்தைக் காட்டு.”

வாகன நிறுத்துமிடத்தில் சீட்டு முடிய இன்னும் கால் மணி நேரம் இருந்தது. வேகமாக நடந்தோம்.